பாஸ்வேர்டு தானாக வராதபோது

திருச்சி
நவம்பர் 2025

அன்பு நண்பனுக்கு,

இங்கே எல்லோரும் நலம். நீயும் தங்கச்சியும் பிள்ளைகளும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். அம்மாவுக்குக் கண்புரை ஆபரேஷன் நல்லபடியாக முடிந்துவிட்டது. சொட்டு மருந்தை வேளை தவறாமல் விட வேண்டும் என்பதால் வீட்டில் ஆளுக்கொரு முறை வைத்துக்கொண்டிருக்கிறோம். பேப்பரில் இருக்கிற பொடி எழுத்தையெல்லாம் சத்தமாகப் படித்துக்காட்டி, "தெரியுது பார்" என்கிறார். கேட்கவே சந்தோஷமாக இருக்கிறது. பெரியவன் கோவையில் கல்லூரிக்குப் போய்விட்டதால் வீடு வெறிச்சென்று கிடக்கிறது. நாகர்கோவிலில் மழை விடவே இல்லை என்று எழுதியிருந்தாய். இங்கே மூடுவதும் வெளுப்பதுமாக இருக்கிறது, அவ்வளவுதான்.

உன் கடிதத்தின் கடைசி இரண்டு வரிகளுக்குத்தான் நீளமாகப் பதில் எழுத வேண்டும் என்று தோன்றியது. புது லேப்டாப் வாங்கிய நாளிலிருந்து ஃபயர்ஃபாக்ஸ் பிரவுசரில் கீபாஸ்எக்ஸ்சி (பாஸ்வேர்டுகளையெல்லாம் ஒரே பூட்டிய கோப்பில் வைக்கும் மென்பொருள்) எக்ஸ்டென்ஷன், அதாவது பாஸ்வேர்டைப் பக்கத்தில் தானாக நிரப்பும் துணைக்கருவி, வேலை செய்யவில்லை, எக்ஸ்டென்ஷனை எடுத்துவிட்டு மறுபடி போடலாமா, இல்லை பழையபடி டைரிக்கே போய்விடலாமா என்று கேட்டிருந்தாய். இரண்டுமே வேண்டாம். டைரியில் இருந்த காலத்தில் உன் மெயிலுக்கும் மின்வாரியக் கணக்குக்கும் ரயில் டிக்கெட்டுக்கும் ஒரே பாஸ்வேர்டு இருந்தது. இப்போது ஒவ்வொன்றுக்கும் வேறு வேறாக, யாராலும் ஊகிக்க முடியாத அளவுக்கு நீளமாக இருக்கிறது. தங்கச்சியும் அதே கோப்பைத்தான் பயன்படுத்துகிறது என்கிறாய். இத்தனை தூரம் வந்துவிட்டு ஒரு எக்ஸ்டென்ஷன் மக்கர் செய்கிறது என்பதற்காகத் திரும்பிப் போவது எனக்கு மனசே ஆகாது.

முதலில், எடுத்துவிட்டு மறுபடி போடுவதைப் பற்றி. 2019 மே மாத ஆரம்பத்தில் நடந்தது உனக்கு ஞாபகம் இருக்கலாம். ஃபயர்ஃபாக்ஸ் எக்ஸ்டென்ஷன்களுக்குக் கையெழுத்திடும் சான்றிதழ் ஒன்று காலாவதியாகி, உலகம் முழுக்க எல்லோருடைய எக்ஸ்டென்ஷன்களும் ஒரே ராத்திரியில் முடங்கின. பாஸ்வேர்டு எக்ஸ்டென்ஷன்களும் அதில் அடக்கம். அப்போது ஃபயர்ஃபாக்ஸைத் தயாரிக்கும் மொசில்லாவே கேட்டுக்கொண்ட ஒரு விஷயம், அவசரப்பட்டு எதையும் நீக்கிவிட்டு மறுபடி நிறுவாதீர்கள் என்பது. ஏனென்றால் எக்ஸ்டென்ஷனை நீக்கினால் அது சேர்த்துவைத்திருக்கும் தகவலும் கூடவே போய்விடும். கோளாறு சான்றிதழில் இருந்தது, 66.0.4 பதிப்பு வந்ததும் பெரும்பாலானவர்களுக்குச் சரியாகிவிட்டது. பொறுமையிழந்து நீக்கியவர்கள்தான் அமைப்புகளை இழந்தார்கள். உன் விஷயத்தில் பாஸ்வேர்டுகள் தனிக் கோப்பில் இருப்பதால் அந்த அளவு ஆபத்து இல்லை. ஆனாலும் எங்கே அறுந்திருக்கிறது என்று தெரியாமல் கை வைக்கக் கூடாது.

எங்கே அறுந்திருக்கிறது என்று கண்டுபிடிப்பது கஷ்டமில்லை. கட்டட வேலையில் மண்சட்டி கைமாறிக் கைமாறி மேலே போகிறதே, அது மாதிரிதான் இங்கேயும் பாஸ்வேர்டு வருகிறது. எக்ஸ்டென்ஷனால் உன் கம்ப்யூட்டரில் இருக்கும் கீபாஸ்எக்ஸ்சியோடு நேராகப் பேச முடியாது, பிரவுசர் விடாது. அதனால் பிரவுசரே ஒரு சின்ன நிரலைத் தொடங்கி, அதனிடம் செய்தியைக் கொடுக்கிறது. அந்தச் சின்ன நிரல் கீபாஸ்எக்ஸ்சியிடம் போய்க் கேட்டு வாங்கி வருகிறது. அது எங்கே இருக்கிறது, எந்த எக்ஸ்டென்ஷன் அதைக் கூப்பிடலாம் என்பதெல்லாம் உன் ஹோம் ஃபோல்டரில், மொசில்லாவின் மறைவான ஃபோல்டருக்குள் ஒரு சிறு கோப்பில் எழுதியிருக்கும். கீபாஸ்எக்ஸ்சி அமைப்பில் பிரவுசர் இணைப்பை இயக்கி ஃபயர்ஃபாக்ஸுக்கு டிக் போட்டதும் அந்தக் கோப்பு தானாக எழுதப்படும். ஆக, அறுவதற்கு மூன்று இடங்கள்: இணையப் பக்கத்துக்கும் எக்ஸ்டென்ஷனுக்கும் நடுவில், எக்ஸ்டென்ஷனுக்கும் அந்தச் சின்ன நிரலுக்கும் நடுவில், நிரலுக்கும் கீபாஸ்எக்ஸ்சிக்கும் நடுவில்.

எது என்பதை எக்ஸ்டென்ஷன் ஐகானே ஓரளவு சொல்லிவிடும். பூட்டு தெரிந்தால் இணைப்பு நன்றாகத்தான் இருக்கிறது, நீ கோப்பைத் திறக்கவில்லை. பெருக்கல் குறி தெரிந்தால் கீபாஸ்எக்ஸ்சியைத் தொடவே முடியவில்லை. ஐகான் சாதாரணமாக இருந்தும் பெட்டி நிரம்பவில்லை என்றால் சிக்கல் அந்தப் பக்கத்தில்தான். உனக்குப் பெருக்கல் குறி வருகிறது, எல்லாத் தளங்களிலும் வருகிறது என்று எழுதியிருப்பதால் பின்னால் உள்ள இரண்டு இடங்களில் ஒன்றுதான்.

கடைக்காரப் பையன் உபுண்டு என்ற லினக்ஸ் இயங்குதளத்தைப் போட்டுக்கொடுத்தான், ஃபயர்ஃபாக்ஸ் கூடவே வந்தது, கீபாஸ்எக்ஸ்சியை நீயே ஆப் சென்டரில் தேடிப் போட்டாய் என்றாயே, எனக்கு அங்கேதான் சந்தேகம். உபுண்டு 21.10 முதல் ஃபயர்ஃபாக்ஸ் ஸ்னாப் வடிவில் வருகிறது. 2022 ஏப்ரலில் வந்த 22.04இல் பழைய டெப் வடிவம் எடுக்கப்பட்டே விட்டது. ஸ்னாப் என்றால் ஒவ்வொரு மென்பொருளும் தன் வேலிக்குள்ளேயே இயங்கும். பாதுகாப்புக்கு நல்லதுதான், நான் குறை சொல்ல மாட்டேன். ஆனால் வேலிக்குள் இருக்கும் பிரவுசர் வெளியே இருக்கும் ஒரு நிரலைத் தொடங்க முடியாது என்பதால் இந்த மாதிரி எக்ஸ்டென்ஷன்கள் ஆரம்பத்தில் வேலையே செய்யவில்லை. பிற்பாடு அதற்கென்று ஒரு வழி செய்தார்கள்: முதல் தடவை அந்த நிரலைத் தொடங்கலாமா என்று உன்னிடம் ஒரு கேள்வி வரும். யோசிக்காமல் வேண்டாம் என்று சொல்லிவிட்டால் அந்தப் பதிலே நிலைத்துவிடும், பிறகு கேட்காது. அந்த மாதிரி ஒரு பெட்டி வந்து நீ மூடிவிட்டாயா என்று யோசித்துப் பார்.

ஆப் சென்டரில் போட்டதால் உன் கீபாஸ்எக்ஸ்சியும் பெரும்பாலும் ஸ்னாப்பாகத்தான் இருக்கும். அப்படியானால் அதுவும் வேலிக்குள். மொசில்லா ஃபோல்டரில் அந்தச் சிறு கோப்பை அதனால் தானாக எழுத முடியாது. அதற்கென்று தனியாக ஒரு ஸ்கிரிப்டை ஓட்ட வேண்டும். இரண்டும் வேலிக்குள் இருந்தால் ஒன்றையொன்று எப்படிச் சந்திக்கும்?

சுற்றி வளைக்காத வழி, இரண்டையும் வேலி இல்லாத அந்தப் பழைய டெப் வடிவத்துக்கு மாற்றிவிடுவதுதான். 2024 ஜனவரியில் ஃபயர்ஃபாக்ஸ் 122 வந்தபோதே மொசில்லா தன் சொந்தக் களஞ்சியத்தில் (மென்பொருள்களை இறக்கிக்கொள்ளும் இடத்தில்) டெப் தர ஆரம்பித்துவிட்டது. அதைச் சேர்க்கும்போது அந்தக் களஞ்சியத்துக்கே முன்னுரிமை என்று குறிக்கும் வரிகளை விட்டுவிடாதே. விட்டால் அடுத்த அப்டேட்டில் ஸ்னாப் மறுபடி வந்து உட்கார்ந்துவிடும். கீபாஸ்எக்ஸ்சிக்கு உபுண்டுவின் களஞ்சியமே போதும், ஆனால் ஒரு விஷயம். 2024 மே மாதம் உபுண்டுவுக்கு அடிப்படையான டெபியனில் கீபாஸ்எக்ஸ்சி பொட்டலத்தை (நிறுவுவதற்கான கோப்புத் தொகுப்பை) பராமரிப்பவர், தாக்குதலுக்கு வழி குறையட்டும் என்று பிரவுசர் இணைப்பு உள்பட பல வசதிகளை வழக்கமான பொட்டலத்திலிருந்து எடுத்துவிட்டார். எல்லா வசதியும் வேண்டுமென்றால் 'ஃபுல்' என்று முடியும் பொட்டலம். கீபாஸ்எக்ஸ்சியை எழுதுகிறவர்களுக்கே அது பிடிக்கவில்லை, பெரிய விவாதம் நடந்தது. எனக்கும் அது சரியாகப் படவில்லை. சொல்லாமல் கொள்ளாமல் எக்ஸ்டென்ஷன் நின்றுபோனால் ஜனங்கள் இன்னும் மோசமான வழக்கத்துக்குத்தான் போவார்கள். நீயே டைரியை நினைத்தாய் அல்லவா. அமைப்புகளில் பிரவுசர் இணைப்பு என்ற பகுதியே காணவில்லை என்றால் காரணம் இதுதான் என்று புரிந்துகொள், 'ஃபுல்' பொட்டலத்தைப் போட்டுக்கொள்.

மாற்றுவதற்கு முன்னால் பாஸ்வேர்டு கோப்பைப் பென் டிரைவில் ஒரு பிரதி எடுத்துவிடு. முடிந்தால் தங்கச்சி கம்ப்யூட்டரிலும் ஒன்று இருக்கட்டும். ஃபயர்ஃபாக்ஸ் புக்மார்க்குகள் எல்லாம் ஹோம் ஃபோல்டரில் ஸ்னாப் ஃபோல்டருக்குள் இருக்கும், அதையும் முழுசாகப் பிரதி எடு. புதிதாகப் போட்ட பிறகு எக்ஸ்டென்ஷன் உன்னைப் புது ஆளாகத்தான் பார்க்கும். இணை என்பதை அழுத்தினால் கீபாஸ்எக்ஸ்சி ஒரு பெயர் கேட்கும், 'புது லேப்டாப் ஃபயர்ஃபாக்ஸ்' என்று தெளிவாகக் கொடு. பழைய லேப்டாப்பின் பெயர் கோப்பின் அமைப்பில் இன்னும் இருக்கும். அதை விற்றுவிட்டாய் என்றால் அந்தப் பதிவை நீக்கிவிடு.

அப்புறம், எல்லாம் சரியானபின்னும் உன் வங்கித் தளத்தில் மட்டும் நிரம்பாமல் போக வாய்ப்பு உண்டு. இதைக் கவனமாகப் படி. ரிசர்வ் வங்கி இந்த வருஷம் பிப்ரவரியில் அறிவித்து, ஏப்ரலில் உத்தரவிட்டு, அக்டோபர் 31க்குள் எல்லா வங்கிகளும் தங்கள் தளத்தை 'பேங்க் டாட் இன்' என்று முடியும் முகவரிக்கு மாற்ற வேண்டும் என்றது. ஸ்டேட் பேங்க் முகவரிகூட இப்போது எஸ்பிஐ டாட் பேங்க் டாட் இன். உன் கோப்பில் இருப்பதோ பழைய முகவரி. எக்ஸ்டென்ஷன் பதிவில் இருக்கும் முகவரியையும் பிரவுசரில் இருக்கும் முகவரியையும் ஒப்பிட்டுப் பார்த்து, பொருந்தினால்தான் கொடுக்கும். பொருந்தவில்லை, கொடுக்கவில்லை. அது கோளாறு இல்லை, அதன் வேலையே அதுதான்.

நான் இந்த எக்ஸ்டென்ஷனை விடாமல் வைத்துக்கொண்டிருப்பதற்கே காரணம் இதுதான். தட்டச்சு மிச்சம் என்பதெல்லாம் அப்புறம். போலி வங்கிப் பக்கம் நம் கண்ணை ஏமாற்றும்; லோகோ, நிறம், எழுத்து எல்லாம் அச்சு அசலாக இருக்கும். எக்ஸ்டென்ஷன் லோகோவைப் பார்ப்பதில்லை, முகவரியை மட்டும் பார்க்கிறது. ஓர் எழுத்து மாறியிருந்தாலும் வாயைத் திறக்காது. வழக்கமாக நிரம்பும் தளத்தில் ஒருநாள் நிரம்பவில்லை என்றால், எக்ஸ்டென்ஷனைத் திட்டுவதற்கு முன்னால் முகவரிப் பட்டையைப் பார். வங்கிகள் முகவரி மாற்றுகிற இந்தச் சமயத்தில் 'உங்கள் வங்கியின் புது முகவரி இதோ' என்று எஸ்எம்எஸ்ஸும் வாட்ஸ்அப்பும் வரும், அதிலிருந்து எதையும் அழுத்தாதே. பாஸ்புக்கிலோ கிளையிலோ பார்த்து முகவரியை நீயே தட்டச்சு செய். பேங்க் டாட் இன் முகவரிகளை ஐடிஆர்பிடி என்ற நிறுவனம் மட்டும்தான் பதிவு செய்து தருகிறது, அதுவும் வங்கிகளுக்கு மட்டும் என்பதால் கண்டவர்கள் வாங்கிவிட முடியாது. ஆனால் கடைசியில் முடிவது அதுதானா என்று பார்க்க வேண்டும். நடுவில் எங்கேயோ அந்தச் சொற்கள் வந்தால் போதாது. உறுதியான பிறகு உன் பதிவில் பிரவுசர் இணைப்பு என்ற பகுதியில் கூடுதல் முகவரியாகச் சேர்த்துக்கொள். பழையதையும் கொஞ்ச காலம் வைத்திரு.

நீ வங்கி வேலையைப் பிரைவேட் விண்டோவில் செய்கிறவன் என்பதும் ஞாபகம் வருகிறது. ஃபயர்ஃபாக்ஸ் 67இலிருந்து, நீ தனியாக அனுமதி கொடுத்தால் ஒழிய எக்ஸ்டென்ஷன்கள் அங்கே இயங்காது. எக்ஸ்டென்ஷன் பக்கத்தில் அந்த அனுமதி இருக்கிறது, கொடுத்துவிடு. அதோடு ஃபயர்ஃபாக்ஸே பாஸ்வேர்டைச் சேமிக்கவா என்று கேட்பதை அணைத்துவிடு. இரண்டும் ஒரே பெட்டிக்குப் போட்டி போட்டால் எது நிரப்பியது என்றே தெரியாது.

இதெல்லாம் சரியாகும்வரை பாஸ்வேர்டைப் பிரதி எடுத்து ஒட்டிக்கொள்ளலாம், தப்பில்லை. கீபாஸ்எக்ஸ்சி பத்து வினாடியில் கிளிப்போர்டைத் துடைத்துவிடும். ஆனால் ஒட்டும்போது முகவரியைச் சரிபார்க்க யாரும் இல்லை, அதை நீதான் செய்ய வேண்டும். அதனால் மெயிலில் வந்த இணைப்பில் போகாமல், கீபாஸ்எக்ஸ்சி பதிவிலிருந்தே தளத்தைத் திற. தங்கச்சிக்கும் இதைச் சொல்லிவிடு.

பொங்கலுக்கு இங்கே வருவதாக நீ சொன்னது அம்மாவுக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது. யார் யார் வருகிறீர்கள் என்று இரண்டு தடவை கேட்டுவிட்டார். ரயில் டிக்கெட் சீக்கிரம் எடுத்துவிடு.

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் லேப்டாப் முன்னால் உட்கார்ந்து போன் செய், சேர்ந்தே மாற்றிவிடலாம். ஐகானில் என்ன குறி இருக்கிறது, கீபாஸ்எக்ஸ்சி அமைப்பில் பிரவுசர் பகுதி இருக்கிறதா என்ற இரண்டை மட்டும் முன்கூட்டியே பார்த்து வை. மாஸ்டர் பாஸ்வேர்டு மட்டும் எனக்குக்கூடச் சொல்ல வேண்டாம், எதற்குமே அது எனக்குத் தேவைப்படாது.

அன்புடன்,
உன் பழைய ரூம்மேட்