கியர்பாக்ஸ் மாற்றப்போகும் மகனுக்கு

மார்த்தாண்டம்

அன்புள்ள மக்களே,

உன்னுடைய 1996 டாட்ஜ் ராம் டீசல் பிக்கப் வண்டியின் ஆட்டோமேட்டிக் கியர் பெட்டியை இறக்கிவிட்டு, கையால் கியர் போடும் ஐந்து கியர் பெட்டியை ஏற்றப்போவதாக நீ சொன்ன நாளிலிருந்து என் நினைவெல்லாம் அந்த வண்டியின் அடியிலேயே கிடக்கிறது. செய்யலாமா என்று கேட்டாய். செய். கொலராடோ மலைச் சாலைகளில் டிரெய்லரை இழுத்துக்கொண்டு இறங்குகிறவனுக்கு எஞ்சினும் சக்கரமும் ஒன்றையொன்று பிடித்திருக்க வேண்டும். ஆட்டோமேட்டிக்கில் எஞ்சினின் சுழற்சியை ஆயில் வழியாகப் பெட்டிக்குக் கடத்தும் டார்க் கன்வெர்ட்டர் லாக் ஆகாத நேரத்தில் நடுவே ஆயில் மட்டுமே இருப்பதால் அந்தப் பிடிப்பு நழுவுகிறது. ஆனால் டீசல் எஞ்சினில் காற்றை மறிக்கும் த்ராட்டில் இல்லை என்பதை மறவாதே. கியரைக் குறைத்தால் மட்டும் வண்டி கட்டுக்குள் வந்துவிடாது. புகை வெளியேறும் வழியை மறித்து எஞ்சினை மெதுவாக்கும் எக்ஸாஸ்ட் பிரேக்கும் பொருத்திக்கொள்.

பாகங்களைத் தனித்தனியாக வாங்க வேண்டாம் என்பதே என் முக்கியமான வேண்டுகோள். 1994 முதல் 1998 தொடக்கம் வரை வந்த, அதே 12 வால்வு 5.9 லிட்டர் கம்மின்ஸ் எஞ்சினும் என்வி4500 என்னும் ஐந்து கியர் பெட்டியும் உள்ள, மோதி உடைந்த வண்டி ஒன்றை முழுதாக வாங்கு. கியர்பாக்ஸ் எளிதில் கிடைத்துவிடும், ஆனால் கிளட்ச் பெடல், மாஸ்டர் சிலிண்டர், ஸ்லேவ் சிலிண்டர், பிளைவீல், பெல் ஹவுசிங், கிராஸ் மெம்பர், சரியான நீளமுள்ள புரொப்பல்லர் ஷாஃப்ட் என்று ஒவ்வொன்றாகத் தேடுவதில்தான் மாதங்கள் கழியும். உன் வண்டி நான்கு சக்கரமும் இழுப்பது என்பதால் இழுவிசையை முன், பின் சக்கரங்களுக்குப் பிரித்துக்கொடுக்கும் டிரான்ஸ்ஃபர் கேஸையும் அதிலிருந்தே எடு. ஆட்டோமேட்டிக்குடன் வந்ததில் தண்டு நுழையும் இடத்தில் 23 பற்கள், என்வி4500 உடன் வந்ததில் 29 பற்கள். ஒன்று மற்றொன்றில் ஏறாது.

கியர்பாக்ஸ் கைக்கு வந்ததும் பின்பக்கத்தைத் திறந்து ஐந்தாம் கியர் நட்டைப் பார்த்துவிடு. டீசல் எஞ்சினின் துடிப்பில் அந்த நட்டு மெல்லத் தளர்ந்து, கியர் தண்டின் மேல் பின்னால் நகர்ந்து, ஒருநாள் ஐந்தாம் கியரே இல்லாமல் போகும். ஆயில் ஜிஎல்-4 தரத்து சிந்தெட்டிக் 75டபிள்யூ-90 ஆக இருக்கட்டும்.

பெட்டியை ஏற்றும் வேலையைப் பற்றி என் அனுபவத்தைச் சொல்கிறேன். தொழில் பழகிய காலத்தில், குலசேகரத்திலிருந்து ரப்பர் தடி ஏற்றி வரும் லாரி ஒன்றுக்கு நானே கியர்பாக்ஸ் ஏற்றினேன். போல்ட் துளைகள் நேராக வருவதற்குள் கை சோர்ந்து, பெட்டியின் முழுப் பாரமும் முன்தண்டின் வழியாகக் கிளட்ச் பிளேட்டின் மேல் சில நிமிடங்கள் தொங்கியது. ஒன்றும் ஆகவில்லை என்று நினைத்து முடுக்கிவிட்டேன். ஒரே வாரத்தில் கிளட்ச் விடுபடாமல் அந்த லாரி திரும்பி வந்தது. திறந்தபோது பிளேட்டின் நடுப்பாகம் வளைந்திருந்தது. உன் பெட்டி வார்ப்பிரும்பு, ஏறக்குறைய 90 கிலோ. டிரான்ஸ்மிஷன் ஜாக்கியை வாடகைக்கு எடு, வெறும் ஜாக்கியை நம்பி வண்டியின் அடியில் படுக்காதே, ஸ்டாண்டு இல்லாத நாளில் வேலையே தொடங்காதே. பைலட் பேரிங், ரிலீஸ் பேரிங், கிளட்ச் பிளேட் மூன்றையும் புதிதாகப் போட்டு, பிளைவீலின் முகத்தை லேத்தில் சீராக்கிக்கொள்.

ஆட்டோமேட்டிக் போய்விட்டதே என்று வண்டியின் கணினியை அகற்றிவிடாதே. பேட்டரிக்குச் சார்ஜ் ஏறுவதைக் கட்டுப்படுத்துவதும் அதுதான். பார்க்கிலும் நியூட்ரலிலும் மட்டும் ஸ்டார்ட் ஆகும்படி இருந்த ஒயரைச் சிலர் நேரடியாக இணைத்துவிடுகிறார்கள். அப்படிச் செய்தால், கியரில் நிற்கும் வண்டி சாவியைத் திருப்பியதும் முன்னால் பாயும். அந்த ஒயரைக் கிளட்ச் பெடலின் சுவிட்ச் வழியாகவே கொடு. 1996 முதல் 1998 தொடக்கம் வரை இதே எஞ்சினை ஆட்டோமேட்டிக்குக்கு 180 குதிரைத்திறனிலும் கையால் கியர் போடும் பெட்டிக்கு 215 குதிரைத்திறனிலும் கொடுத்தார்கள். டீசல் பம்பைத் திருகி அந்த வித்தியாசத்தைப் பிடிக்க உனக்கு ஆசை வரும். கிளட்ச் நன்றாகப் படியும் வரை பொறுத்திரு.

இனி உன் வண்டியில் பார்க் என்ற நிலையே இருக்காது, மக்களே. இதுவரை பெட்டிக்குள் இருந்த பூட்டு பிடித்து நிறுத்திய பாரத்தை ஹேண்ட் பிரேக்தான் தாங்க வேண்டும். பின்சக்கரங்களின் கேபிள்களைப் புதிதாக மாற்றி, டிரெய்லர் மாட்டுவதற்கு முன் ஒரு சரிவில் நிறுத்தி, சக்கரத்துக்குக் கட்டை போட்டுச் சோதித்துப் பார்த்துவிட்டு எனக்கு எழுது.

அன்புடன்,
அப்பா