“வாழ்ந்தனர்” என்ற சொல்லை மாற்றக் கோரி நான்காவது மனு

அனுப்புநர்: தமிழாசிரியை, அரசு நடுநிலைப் பள்ளி, நீலகிரி மாவட்டம்.

பெறுநர்: உயர்திரு. அலுவலர் அவர்கள் (அலுவலகமும் முகவரியும் உறைமேல் எழுதியபடி).

பொருள்: பள்ளி மாணவர்களுக்கான அருங்காட்சியக நிகழ்ச்சியில் பழங்குடிப் பெரியவர்களை மீண்டும் அழைக்கவும், விளக்கப் பலகைகளைத் திருத்தவும் வேண்டுதல் தொடர்பாக.

பார்வை: 1. குறைதீர் நாளில் நேரில் கொடுத்த மனு. 2. பதிவுத் தபாலில் அனுப்பிய மனு. 3. இணையவழி மனு (“முடிக்கப்பட்டது” என்று குறுஞ்செய்தி வந்தது. எது முடிந்தது என்று தெரியவில்லை).

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். தங்களுக்கு ஆயிரம் வேலை இருக்கும், தெரியும். இருந்தாலும் இந்த மனுவை உதவியாளரிடம் தள்ளிவிடாமல் தாங்களே ஒருமுறை முழுக்கப் படிக்க வேண்டும் என்று பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன். இடத்தைப் பற்றி நான் விளக்க வேண்டியதில்லை. தண்ணீர்த் தொட்டிக்கு எதிரே மேட்டில் இருக்கும் அந்த ஓட்டுக் கட்டட அருங்காட்சியகத்துக்குத் தாங்களே கொடியேற்ற வந்திருக்கிறீர்கள், உள்ளேயும் ஒரு சுற்று போனீர்கள். பலகைகளை வாசித்தீர்களா என்பதுதான் எனக்குத் தெரியாது.

1. எங்கள் பள்ளியிலிருந்து ஏழாம் வகுப்புப் பிள்ளைகள் 38 பேரை அங்கே கூட்டிச் சென்றோம். மினி பஸ் வாடகையைப் பள்ளி மேலாண்மைக் குழுவில் பெற்றோர்களே போட்டார்கள். தேயிலைக் கூலியில் பிடித்துக் கொடுத்த காசு.

2. அங்கே பிள்ளைகளுக்கு எடுத்துச் சொல்ல ஆள் இல்லை. வழிகாட்டி வேலையிடம் காலியாகவே கிடக்கிறது. சாவிக்கொத்துடன் இருந்த காவலர் ஒவ்வோர் அறையாக விளக்கைப் போட்டு, நாங்கள் நகர்ந்ததும் அணைத்துக்கொண்டே வந்தார், 20 நிமிடத்தில் நாங்கள் வெளியே நின்றோம். அவரைக் குறை சொல்ல மாட்டேன். பாவம், இரவுக் காவலுக்கு எடுத்த மனிதரைப் பகலில் வரலாறு சொல்லச் சொன்னால் அவர் பலகையில் இருப்பதைத்தான் வாசிப்பார். அப்புறம் அந்தப் பலகைகள். ஒரு சுவர் முழுக்க, கோயம்புத்தூர் கலெக்டராக இருந்த சலிவன் துரை, 1819இல் மலையேறி நீலகிரியைக் “கண்டறிந்தார்” என்று. 1603லேயே ஒரு பாதிரியார் மலையேறி வந்து தோடர்களைப் பார்த்துப் பேசி எழுதி வைத்திருக்கிறார், அதற்கு எத்தனையோ காலம் முன்பிருந்தே இங்கே மந்தும் (தோடர் குடியிருப்பு) எருமையும் கோயிலும் இருந்திருக்கின்றன. யாருக்குத் தெரியாமல் இருந்த மலையை யார் கண்டறிந்தது? சரி, அது பழைய சண்டை, நான் அதற்காக எழுதவில்லை.

3. நான் எழுதுவது மூன்றாவது அறைக்காக. அங்கே கண்ணாடிப் பெட்டிக்குள் ஒரு கோத்தர் பானை இருக்கிறது. கறுப்பாக, வாய் கொஞ்சம் கோணலாக, கழுத்தில் ஒரு விரிசலை எதையோ பூசி அடைத்திருக்கிறார்கள். அதன் கீழே: “கோத்தர் மண்பானை. இம்மக்கள் பானை வனைந்தும் இரும்புக் கருவிகள் செய்தும் இசை வாசித்தும் வாழ்ந்தனர்.”

ஐயா, நான் வருடா வருடம் பகுபத உறுப்பிலக்கணம் நடத்துகிறவள். வாழ் + த்(ந்) + த் + அன் + அர். நடுவில் வருகிற அந்தத் ‘த்’ இறந்தகால இடைநிலை. என் மனு முழுவதும் அந்த ஒரு எழுத்தைப் பற்றியது.

ஏனென்றால் அந்தப் பெட்டி முன்னால் நின்ற 38 பேரில் ஒருத்தி கோத்தர் பிள்ளை. கண்ணாடியில் மூக்கை ஒட்டி நின்று பார்த்துவிட்டுத் திரும்பி, முகமெல்லாம் சிரிப்பாக, “டீச்சர், இந்த மாதிரி எங்க பாட்டி இப்பவும் செய்வாங்க” என்றாள். நான் வாயைத் திறப்பதற்குள் காவலர், நல்ல மனதோடுதான், “அதெல்லாம் அந்தக் காலம் பாப்பா, இப்ப யாரும் இல்ல” என்று சொல்லிவிட்டு விளக்கை அணைத்தார். பின்னால் ஒரு பையன் கேட்டான், “அப்ப நீ அந்தக் காலமா?” வகுப்பே சிரித்தது. நானும் முதல் நொடி சிரித்துவிட்டேன், அதை மறைத்து என்ன பயன்.

அன்றிலிருந்து அவள் பெயர் “மியூசியம்”.

பஸ்ஸில் ஆரம்பித்தது. “ஏய் மியூசியம், எலுமிச்சை சாதம் சாப்பிடுவியா?” மறுநாள் கழிப்பறைச் சுவரில் கரியால் எழுதியிருந்தார்கள். நான் திட்டினேன், முட்டி போட வைத்தேன், பெற்றோரை வரச் சொன்னேன். அந்தப் பெயர் என் காதுக்கு எட்டாத இடத்துக்குப் போனதே தவிரப் போகவில்லை. எங்கள் வகுப்பில் ஒரு சார்ட் ஒட்டியிருக்கிறேன், “எங்கள் வீட்டுச் சொல்” என்று. படுகு, இருளர் பேச்சு, மலையாளம், கன்னடம் என்று பிள்ளைகள் அவரவர் வீட்டுச் சொற்களைச் சீட்டில் எழுதிப் பசை போட்டு ஒட்டுவார்கள். அதிகம் ஒட்டியவள் இவள்தான். அடுத்த வாரம் பார்த்தால் அவள் சீட்டுகள் இருந்த இடத்தில் பசைத் தடம் மட்டும் இருக்கிறது. ஏழு சீட்டு. கேட்டதற்கு “தெரியல டீச்சர்” என்றாள். அதே பள்ளியில் மூன்றாம் வகுப்பு படிக்கும் தம்பியிடம் இப்போது தமிழில்தான் பேசுகிறாள், அவன் வீட்டுப் பேச்சில் பதில் சொன்னால் அதட்டுகிறாள். போன மாதம் கல்வி உதவித்தொகைப் பட்டியல் வந்தபோது மேசைக்குப் பக்கத்தில் வந்து, மெதுவாக, “வகுப்புல வாசிக்கும்போது என் பேரை மட்டும் வாசிக்காதீங்க டீச்சர், நான் அப்புறமா வந்து கையெழுத்துப் போடறேன்” என்றாள். ஐயா, பன்னிரண்டு வயசுப் பிள்ளை. தன் பெயரை வாசிக்காதே என்கிறாள்.

ஒரு பலகையால் இவ்வளவும் நடக்குமா என்று தாங்கள் நினைக்கலாம். பிள்ளைகள் வேறு எதையாவது பிடித்துக் கேலி செய்திருப்பார்கள், உண்மைதான். ஆனால் இந்தக் கேலியை அரசாங்கப் பலகையில் பெயின்ட் அடித்து எழுதிக் கொடுத்தது நாம்.

4. பக்கத்துப் பெட்டியில் தோடர் போர்வை. “அணிந்தனர்.” அந்தப் பூத்தையலுக்கு 2013இல் புவிசார் குறியீடு கிடைத்தது, கடைவீதியில் இன்றைக்கும் விற்கிறார்கள், மந்துப் பெண்கள் இன்றைக்கும் இழை எண்ணித் தைத்துக்கொண்டிருக்கிறார்கள். தேன் எடுக்கும் குறும்பர் படத்துக்குக் கீழே “சேகரித்தனர்.” இருளர், “வசித்தனர்.” பணியருக்கும் காட்டுநாயக்கருக்கும் பலகையே இல்லை. தமிழ்நாட்டில் மிகவும் நலிந்த பழங்குடிகள் என்று அரசே பட்டியல் போட்டது ஆறு சமூகங்களை, ஆறும் நம் மலையோடு சேர்ந்தவை, அதில் நான்கு இறந்தகாலம், இரண்டு அதுவும் இல்லை. கோத்தகிரி என்று தினமும் பஸ்ஸில் பெயர்ப்பலகை பார்க்கிறோமே, அந்தப் பெயரே யாருடையது? தோடர் பாலும் நெய்யும், கோத்தர் பானையும் இரும்பும் இசையும், குறும்பர் தேனும் காட்டுப் பொருளும், படுகர் தானியமும் என்று ஒருவருக்கொருவர் கொடுத்து வாங்கித்தான் இந்த மலை நடந்தது, அது ஏழாம் வகுப்புப் பிள்ளைக்கு எவ்வளவு சுலபமாகப் புரியும்! அதைப் பற்றி அந்தக் கட்டடத்தில் ஒரு வரி கிடையாது.

5. இப்படித்தான் எப்போதும் இருந்ததா என்றால் இல்லை, அதனால்தான் வயிற்றெரிச்சல். தங்களுக்கு முன் இருந்த அலுவலர் காலத்தில் மூன்று சனிக்கிழமைகள் பெரியவர்களையே வரவழைத்தார்கள். இதே பிள்ளையின் பாட்டி முற்றத்தில் உட்கார்ந்து பானை வனைந்தார். கோத்தரில் பானை பெண்கள் வேலை, கொல்லுலை ஆண்கள் வேலை, அதையே பிள்ளைகள் அன்றைக்குத்தான் தெரிந்துகொண்டார்கள். ஒவ்வொருவர் கையிலும் ஒரு உருண்டை மண் கொடுத்தார். அவரவர் பிசைந்து ஏதோ கிண்ணம் என்று காட்டியதற்குப் பாட்டி வாய் விட்டுச் சிரித்தது எனக்கு இன்னும் காதில் இருக்கிறது. இன்னொரு வாரம் ஒரு இருளர் தாத்தா, காட்டில் எந்த மரத்தில் எந்தத் தேனீ என்று சொன்னார், பிள்ளைகள் மணி அடித்தும் எழுந்திருக்கவில்லை. யாரும் யாரையும் மியூசியம் என்று சொல்லவில்லை ஐயா. பாட்டியின் பேத்தி என்று சொல்லிக்கொண்டு அன்றைக்கு அவளுக்கு நடையே மாறியிருந்தது.

அது ஏன் நின்றது தெரியுமா? பாட்டிக்குத் தர வேண்டிய மதிப்பூதியம் முதலில் “பயணச்சீட்டு இணைக்கப்படவில்லை” என்று திரும்பி வந்தது. சீட்டை நானே ஒட்டி அனுப்பினேன். அடுத்து, “கருத்தாளரின் தகுதிச் சான்றிதழ் நகல் தேவை” என்று வந்தது. தகுதிச் சான்றிதழ்! பானை வனையத் தெரியும் என்பதற்கு எந்தப் பல்கலைக்கழகத்தில் சான்றிதழ் வாங்குவது? வனைந்த பானை அங்கேயே அலுவலக ஜன்னலில் பேனா வைக்கும் குடுவையாக இருந்தது, அதைப் பார்த்துக்கொண்டேதான் அந்தக் குறிப்பை எழுதியிருப்பார்கள். பாட்டி பணத்தைக் கேட்கவே இல்லை. “கூப்பிட்டாங்கன்னுதான் வந்தேன்” என்றார். ஒரு நாள் வேலையை விட்டு, இரண்டு பஸ் மாறி, மண்ணைச் சாக்கில் கட்டித் தலையில் வைத்துக்கொண்டு வந்தவரை நாம் இப்படி அனுப்பினோம். நான்காவது சனிக்கிழமை யாரும் கூப்பிடவில்லை.

6. இப்போது பள்ளிகளுக்கு நிகழ்ச்சி நடத்தவே இல்லையா என்றால், நடத்துகிறார்கள். மே 18, பன்னாட்டு அருங்காட்சியக நாள். மே மாதம் எந்தப் பள்ளி திறந்திருக்கிறது ஐயா? புகைப்படத்தில் இருப்பவர்கள் சுற்றுலா வந்த குடும்பத்துப் பிள்ளைகள், கையில் சாக்லேட் டப்பாவோடு. இன்னொன்று நவம்பர் 19 முதல் 25 வரை உலக மரபு வாரம். வடகிழக்குப் பருவமழை நம் கிழக்குச் சரிவில் அடித்து ஊற்றுகிற வாரம். 2009 நவம்பரில் இந்த மலை சரிந்ததை நாம் யாரும் மறக்கவில்லை, அந்த மாதத்தில் எந்தத் தாய் பிள்ளையை மினி பஸ்ஸில் ஏற்றுவாள்? ஜனவரி, பிப்ரவரி என்று நல்ல வெயில் காயும் மாதங்களில் ஒன்றுமே கிடையாது.

7. ஆகவே நான் கேட்பது:

பலகையில் அந்தத் ‘த்’தை எடுத்துவிட்டு “கின்று” போடுங்கள். வாழ்கின்றனர். பெயின்டரை நான் அழைத்து வருகிறேன், கூலியையும் நானே தருகிறேன், அனுமதி மட்டும் கொடுங்கள்.

பெரியவர்களை மறுபடி கூப்பிடுங்கள். சான்றிதழ் கேட்காமல், பஸ் கட்டணமும் மதிப்பூதியமும் அன்றைக்கே கையில். ஆறு சமூகத்திலிருந்தும். எப்படிச் சொல்ல வேண்டும், எதைக் காட்டலாம், எதைக் காட்டக் கூடாது என்பதை அவர்களே முடிவு செய்யட்டும், கோயில் சார்ந்த விஷயங்களை அவர்கள் எல்லோருக்கும் காட்டுவதில்லை.

பானைக்குக் கீழே, செய்தவர் யார் என்று தெரிந்தால் அவர் பெயரை எழுதுங்கள். சலிவன் பெயர் இருக்கிறதல்லவா.

8. இது நான்காவது மனு. முதல் மனுவுக்கு ரசீது கொடுத்தார்கள், இரண்டாவதுக்கு ஒப்புகை அட்டை வந்தது, மூன்றாவதை “முடித்து” விட்டார்கள். என் கோபம் எழுத்தில் தெரிந்தால் மன்னிக்கவும், தெரியாமல் எழுத நானும் இரண்டு தாள் கிழித்துப் பார்த்தேன். எனக்குக் கட்டடம் வேண்டாம், புதுப் பெட்டி வேண்டாம், தொடுதிரை வேண்டாம். ஒரு சனிக்கிழமை வேண்டும். ஜூனில் இந்தப் பிள்ளைகள் எட்டாம் வகுப்புக்குப் போய்விடுவார்கள், எட்டு முடிந்தால் எங்கள் பள்ளியை விட்டே போய்விடுவார்கள். அதற்குள், தயவுசெய்து, அதே 38 பேர் முன்னால், அதே மூன்றாவது அறையில், அந்தப் பாட்டி ஒருமுறை உட்கார வேண்டும்.

போன வாரம் அவர் வீட்டுக்குப் போய்க் கேட்டேன். உடனே சரி சொல்லவில்லை. பேத்தியைப் பார்த்தார், அவள் உள்ளே போய்விட்டாள். கொஞ்ச நேரம் கழித்து, “மண்ணு நான் எடுத்து வெச்சுக்கறேன், அவங்க தேதி சொல்லட்டும்” என்றார்.

தேதி சொல்லுங்கள் ஐயா.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
தமிழாசிரியை
(உடன் கையொப்பமிட்ட பெற்றோர் 31 பேர். ரேகை வைத்தவர்கள் 4 பேர்.)

இணைப்பு: முந்தைய மூன்று மனுக்களின் நகல், ஒப்புகை அட்டை நகல், பாட்டியின் பேருந்துச் சீட்டுகள் நான்கின் ஒளிநகல் (போக இரண்டு, வர இரண்டு. அசல் தங்கள் அலுவலகக் கோப்பில் இருக்கிறது).