மாநில மனநல ஆணையத்துக்கு: மறுவாழ்வு மையங்களின் விவரத்தை எங்கள் கண்ணில் படும்படி வையுங்கள்

தமிழ்நாடு மாநில மனநல ஆணையத்தில் பொறுப்பில் இருப்பவர்களுக்கு,

வணக்கம். வீட்டில் ஒருவரின் குடியை இனி இப்படியே விட முடியாது என்று எல்லோரும் ஒருவழியாக முடிவுக்கு வந்ததும் அடுத்த கேள்வி, எங்கே கொண்டுபோய்ச் சேர்ப்பது என்பதுதான். இந்தக் கேள்விக்கு நம் ஊரில் யார் பதில் சொல்கிறார்கள் தெரியுமா? ஆட்டோவின் முதுகில் ஒட்டியிருக்கும் போஸ்டர், பஸ் ஸ்டாண்ட் கழிப்பறைச் சுவர், கூகுளில் முதலில் வந்து நிற்கும் விளம்பரம், மெடிக்கல் ஷாப்காரர், போன வருஷம் தன் மருமகனைச் சேர்த்துவிட்டு வந்த பக்கத்துத் தெரு அம்மா. இந்த மையங்களைப் பதிவு செய்யும் பொறுப்பில் இருக்கும், சட்டப்படி பதில் சொல்ல வேண்டிய நீங்கள் மட்டும் எங்கேயும் தென்படவில்லை. உங்கள் ஆணையம் என்று ஒன்று இருப்பதே பாதிப் பேருக்குத் தெரியாது, தம்பிக்காக அலையும்வரை எனக்கும் தெரியாது.

போனில் நான் பேசிய மையங்கள் கிட்டத்தட்ட ஒரே மாதிரிதான் பேசின. ஏசி ரூமா, சாதா ரூமா? மூன்று மாசமா, ஆறு மாசமா? அட்வான்ஸ் ஜிபே பண்ணுகிறீர்களா? தம்பி வருவானா என்று எனக்கே சந்தேகம் என்று நான் இழுத்தபோது ஒருவர் சொன்னார், "வரமாட்டேன்னு அடம்பிடிச்சா நீங்க கவலையே படாதீங்கக்கா, லொகேஷன் மட்டும் அனுப்புங்க, நம்ம பசங்க நாலு பேரு வண்டியோட வந்து தூக்கிட்டு வந்துருவாங்க." ஏதோ ஃபிரிட்ஜ் டெலிவரி பற்றிப் பேசுவது போன்ற குரல். ஒரு நாளைக்கு எவ்வளவு குடிக்கிறான், கடைசியாக எப்போது குடித்தான், இதற்கு முன்னால் நிறுத்தியபோது வலிப்பு வந்ததா, சுகர் உண்டா, கல்லீரல் எப்படி இருக்கிறது, வேறு மாத்திரை ஏதாவது போடுகிறானா என்று அவர்களில் யாரும் கேட்கவில்லை.

இந்தக் கேள்விகள் ஏன் முக்கியம் என்று உங்களில் மருத்துவராக இருப்பவர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. இதைப் படிக்கும் மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். வருஷக்கணக்கில் தினமும் குடித்தவர் சட்டென்று நிறுத்தினால் சில மணி நேரத்திலேயே கை நடுங்க ஆரம்பிக்கும், வியர்த்துக் கொட்டும், தூக்கம் போய்விடும். முதல் இரண்டு நாட்களில் வலிப்பு வரலாம். இரண்டு மூன்று நாள் கழித்து சிலருக்கு நேரம் காலம் தெரியாத உளறல் வரும், சுவரில் பூச்சி ஊருகிறது என்பார்கள், இல்லாத ஆளோடு பேசுவார்கள். இதைக் கவனிக்காமல் விட்டால் உயிரே போகும். முறையாகச் செய்கிற இடத்தில் டயஸெபாம், லோரஸெபாம் மாதிரி மருந்துகளை அளவாகக் கொடுத்து நாளுக்கு நாள் குறைத்துக்கொண்டே வருவார்கள், தயமின் என்கிற வைட்டமின் பி1 ஊசி போடுவார்கள், ராத்திரியிலும் நாடித்துடிப்பும் ரத்த அழுத்தமும் பார்க்க நர்ஸ் இருப்பார். அந்த பி1 சின்ன விஷயமாகத் தெரியும், ஆனால் அது இல்லாமல் வெறும் குளுக்கோஸ் ஏற்றினால் மூளையே பாதிக்கப்படும் ஆபத்து உண்டு. இதெல்லாம் தெரியாத ஒருவர் கையில் சாவிக்கொத்தோடு "வார்டன்" என்று உட்கார்ந்திருக்கும் இடத்தில் முதல் வாரத்தைக் கடப்பது என்பது அதிர்ஷ்டத்தைப் பொறுத்த விஷயமாகிவிடுகிறது.

சரி, நேரில் போய்ப் பார்த்தால் தெரிந்துவிடாதா என்பீர்கள். போய்ப் பார்த்தேன். ஒரு மையத்தின் வரவேற்பறைச் சுவரில் கண்ணாடி போட்ட சான்றிதழ்கள் வரிசையாகத் தொங்கின. ஒன்று அறக்கட்டளைப் பதிவுப் பத்திரம், இன்னொன்று ஐஎஸ்ஓ, மற்றொன்று ஏதோ ஒரு சங்கம் கொடுத்த சிறந்த சேவை விருது, நடுவில் உள்ளூர்ப் பிரமுகர் சால்வை போடும் போட்டோ. மனநலப் பாதுகாப்புச் சட்டப்படி பதிவு எங்கே என்று கேட்டதும் மேனேஜர் அறக்கட்டளைப் பத்திரத்தையே விரலால் காட்டினார். பணம் கட்டியதும் கொடுக்கும் ரசீது எப்படி இருக்கும் என்று கேட்டு ஒன்றை வாங்கிப் பார்த்தேன், அதில் "நன்கொடை" என்று அச்சடித்திருந்தது. நாளைக்கு ஏதாவது ஆனால் சிகிச்சைக்குக் கட்டணம் வாங்கியதாகக்கூட எங்களால் காட்ட முடியாது. அறக்கட்டளையை யார் வேண்டுமானாலும் சார்பதிவாளர் அலுவலகத்தில் பதியலாம், அதற்கும் நோயாளியை உள்ளே வைத்துச் சிகிச்சை தருவதற்கும் சம்பந்தமே இல்லை. ஆனால் பதற்றத்தில் இருக்கும் ஒரு அம்மாவுக்கு முத்திரை குத்தி, பச்சை மையில் கையெழுத்து போட்டிருந்தால் எல்லாம் அரசாங்கக் காகிதம்தான்.

சட்டம் மோசமில்லை, உண்மையில் நல்ல சட்டம். 2017-ஆம் ஆண்டு மனநலப் பாதுகாப்புச் சட்டம் குடியாலும் போதைப்பொருளாலும் வரும் மனநிலைப் பாதிப்பையும் மனநோய் என்ற வரையறைக்குள் கொண்டுவந்திருக்கிறது. பதிவு இல்லாமல் மையம் நடத்தக் கூடாது என்கிறது 65-ஆம் பிரிவு. சங்கிலியால் கட்டுவதை 95-ஆம் பிரிவு எந்த வடிவிலும் தடை செய்கிறது. ஏர்வாடியில் 2001 ஆகஸ்ட் 6 அன்று சங்கிலியோடு 28 பேர் தீயில் கருகிய மாநிலத்தில் இந்த ஒரு வரியின் அர்த்தத்தை யாருக்கும் விளக்க வேண்டாம். நோயாளிக்குக் கட்டாயமாக மொட்டை போடக் கூடாது, வீட்டுக்குப் போன் பேசவும் பார்க்க வருகிறவர்களைச் சந்திக்கவும் அவருக்கு உரிமை உண்டு என்பதெல்லாமும் எழுதியிருக்கிறது. தானாக முடிவெடுக்க முடியாத நிலையில் இருப்பவரைச் சேர்ப்பதென்றால், ஒரு மனநல மருத்துவரும் இன்னொரு மருத்துவரோ மனநல வல்லுநரோ தனித்தனியாகப் பரிசோதித்திருக்க வேண்டும், நோயாளிகளின் உரிமையைக் காக்க இதே சட்டத்தில் வரும் மறுஆய்வு வாரியத்துக்குத் தகவல் போக வேண்டும், 30 நாளுக்கு மேல் வைத்திருக்க மறுபடி வாரியத்தின் அனுமதி வேண்டும். இப்போது அந்த நாலு பசங்களையும் வண்டியையும், போனிலேயே பேசி முடிக்கும் ஆறு மாச பேக்கேஜையும் இதன் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.

நான் கேட்பது புதிதாக ஒன்றுமில்லை. மையங்களைப் பதிவு செய்து, அந்தப் பதிவேட்டை இணையத்திலும் வெளியிட வேண்டும் என்று 55-ஆம் பிரிவு உங்களிடம்தான் சொல்கிறது. பதிவு பெற்ற மையங்களை மூன்று வருஷத்துக்கு ஒரு முறை தணிக்கை செய்ய வேண்டும் என்கிறது 67-ஆம் பிரிவு. எனக்குக் கிடைத்த பட்டியலில் இருந்தவை பெயர், முகவரி, போன் எண், அவ்வளவுதான். அதை வைத்துக்கொண்டு ஒன்றை இன்னொன்றோடு ஒப்பிடவே முடியாது. எங்களுக்குத் தெரிய வேண்டியது இவைதான்: பதிவு இன்னும் உயிரோடு இருக்கிறதா, காலாவதியா, எத்தனை படுக்கைக்கு அனுமதி, மனநல மருத்துவர் அங்கேயே இருக்கிறாரா அல்லது வாரத்துக்கு ஒரு நாள் தலைகாட்டுகிறாரா, ராத்திரி நர்ஸ் உண்டா, குடியை நிறுத்தும் முதல் வாரத்தை அங்கேயே சமாளிக்கிறார்களா, இல்லை பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பிவிட்டுப் பிறகு எடுத்துக்கொள்கிறார்களா, மாசக் கட்டணம் எவ்வளவு, அதில் மருந்து சேர்த்தியா, வீட்டார் எப்போது வந்து பார்க்கலாம், கடைசியாக யார் எப்போது தணிக்கை செய்தார்கள், என்ன குறை எழுதினார்கள், என்ன புகார் வந்தது, அது என்ன ஆயிற்று. இதில் பாதிக்கு மேல் ஏற்கெனவே உங்கள் ஃபைலில் இருக்க வேண்டிய விவரம்தானே?

நோயாளியின் பெயர், படம், கதை எதுவும் வேண்டாம். "எங்களிடம் நூறு சதவீதம் குணம்" என்கிற வெற்றிக் கணக்கும் வேண்டாம். நூறு சதவீதம் என்று போர்டு வைத்தவரை உடனே கூப்பிட்டு விசாரியுங்கள், ஏனென்றால் மறுபடி தொடங்கிவிடுவது இந்த நோயின் இயல்பிலேயே இருக்கிறது, அது தெரிந்த மருத்துவர் யாரும் அப்படி எழுத மாட்டார். மையத்தை விட்டு வந்த பிறகு எத்தனை மாசம் தொடர்ந்து பார்க்கிறார்கள், மறுபடி குடிக்காமல் இருக்க உதவும் நால்ட்ரெக்ஸோன், அகாம்ப்ரோசேட் மாதிரி மருந்து எழுத அங்கே ஆள் இருக்கிறாரா, குடும்பத்தோடு உட்கார்ந்து பேசுகிறார்களா என்பதைச் சொன்னால் போதும். சென்னையில் சாந்தி ரங்கநாதன் 1980-ல் தொடங்கிய டிடிகே மருத்துவமனை போன்ற இடங்களில் குடும்பத்தாரையும் சிகிச்சைக்குள் உட்கார வைக்கிறார்கள், சும்மா பணம் கட்டிவிட்டுப் போகிறவர்களாக நடத்துவதில்லை. இந்த வித்தியாசம் எந்தப் பட்டியலிலும் தெரிவதில்லை, வாய்வழியாகத்தான் தெரிகிறது, வாய்வழிச் செய்தி சென்னையைத் தாண்டி வருவதற்குள் தேய்ந்துவிடுகிறது.

போகிற போக்கில் இன்னொன்று. "குடிப்பவருக்குத் தெரியாமலே சாப்பாட்டில் கலந்து கொடுக்கலாம்" என்று பொடியும் சொட்டு மருந்தும் விற்கிறார்களே, அந்த விளம்பரங்களையும் கொஞ்சம் பாருங்கள். குடித்தால் உடம்பு ஒத்துக்கொள்ளாமல் செய்கிற டைசல்ஃபிராம் மாதிரியான மருந்து உள்ளே இருக்கும்போது ஒருவர் குடித்தால் ரத்த அழுத்தம் விழுந்து ஆளே போகலாம், அதனால்தான் அதை நோயாளியிடம் சொல்லாமல் கொடுக்கக் கூடாது என்கிறார்கள். பொடி டப்பாவுக்குள் என்ன இருக்கிறது என்று வாங்குகிறவருக்கும் தெரியாது.

அரசு இடங்கள் விஷயத்திலும் இதே கதைதான். 2025-ல் அரசு மருத்துவமனைகளில் 25 "கலங்கரை" போதை மீட்பு மையங்கள் தொடங்கினார்கள். ஒன்றிய சமூகநீதி அமைச்சகத்தின் மானியத்தில் தொண்டு நிறுவனங்கள் நடத்தும் இலவச மறுவாழ்வு மையங்கள் தனியாக உண்டு. சென்னையில் கீழ்ப்பாக்கம் அரசு மனநல மருத்துவமனை இருக்கிறது, மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் மனநலப் பிரிவு இருக்கிறது. ஆனால் எங்கள் மாவட்டத்தில் இன்றைக்குப் படுக்கை காலியாக இருக்கிறதா, பெண்களைச் சேர்ப்பார்களா, பதினேழு வயசுப் பையன் வலி மாத்திரையைக் கரைத்து ஊசியில் ஏற்றிக்கொள்கிறான் என்றால் அவனை எங்கே கூட்டிப்போவது என்பதை ஒரே இடத்தில் பார்க்க வழியில்லை. விளைவு, இலவசமாகக் கிடைக்கக்கூடிய சிகிச்சை தெரியாமல் தாலிக்கொடியை அடகு வைத்துத் தனியாரிடம் போகிறார்கள். மருத்துவக் காப்பீடு கைகொடுக்கும் என்று நினைத்தால், மனநோயை மற்ற நோயைப் போலவே காப்பீடு செய்ய வேண்டும் என்று 2017 சட்டம் சொல்லியும், குடி மற்றும் போதைப் பழக்கத்துக்கான சிகிச்சைக்குப் பணம் கிடையாது என்ற ஒரு வரி பாலிசிக்குள் உட்கார்ந்திருக்கிறது.

எய்ம்ஸ் மருத்துவமனையின் போதை சிகிச்சை மையம் 2019-ல் வெளியிட்ட தேசிய ஆய்வில், குடிக்கு அடிமையானவர்களில் 38 பேருக்கு ஒருவர்தான் ஏதாவது ஒரு சிகிச்சை பெற்றிருந்தார், உள்நோயாளியாகச் சேர்ந்தவர் 180 பேருக்கு ஒருவர். இது நாடு முழுவதற்குமான கணக்கு. நம் மாநிலத்தில் 2024-25-ல் டாஸ்மாக் வழியாக அரசுக்கு வந்தது 48,344 கோடி ரூபாய். தீபாவளிக்கு எந்த மண்டலத்தில் எவ்வளவு விற்றது என்று மறுநாள் காலை பேப்பரில் வந்துவிடுகிறது. ஒவ்வொரு கடைக்கும் ஒரு எண் இருக்கிறது, அது போர்டிலேயே எழுதியிருக்கிறது. விற்கிற இடத்துக்கு இவ்வளவு கணக்கு வைக்கத் தெரிந்த அரசாங்கத்துக்கு நிறுத்துகிற இடத்தின் கணக்கை வைக்கத் தெரியாது என்று சொன்னால் யாராவது நம்புவார்களா?

அதனால் முதல் வேலையாக, ஒவ்வொரு மறுவாழ்வு மையத்தின் வாசல் போர்டிலும் உங்கள் பதிவு எண்ணைத் தமிழில் பெரிதாக எழுதச் சொல்லுங்கள். மறுஆய்வு வாரியத்தின் முகவரியும் போன் எண்ணும் எல்லோரும் பார்க்கும் இடத்தில் இருக்க வேண்டும் என்று சட்டத்திலேயே இருக்கிறது, அது மேனேஜர் ரூம் பீரோவுக்குள் இருந்தால் உள்ளே இருக்கிறவனுக்கு என்ன பிரயோஜனம்? பதிவில்லாத இடங்களைச் சீல் வைக்கும்போது உள்ளே இருப்பவர்களை அப்படியே தெருவில் விட்டுவிடாமல் எந்த மருத்துவமனைக்கு மாற்றினீர்கள் என்பதையும் சேர்த்து வெளியிடுங்கள். இது நடக்கும் என்று தெரிந்தால்தான் வீட்டார் துணிந்து புகார் கொடுப்பார்கள், இல்லாவிட்டால் "எங்க ஆளு உள்ளே இருக்கான், வாயைத் திறந்தா அவனைத்தான் அடிப்பாங்க" என்று பேசாமல் இருந்துவிடுவார்கள்.

அப்புறம் அந்தப் பதிவேடு. ஸ்கேன் செய்த ஆங்கில பிடிஎஃப்பாக வேண்டாம். மாவட்டத்தைத் தட்டினால் விவரம் வரும்படி, சாதாரண செல்போனில் திறக்கும்படி, தமிழில் இருக்கட்டும், எந்தத் தேதியில் புதுப்பித்தது என்று மேலேயே போடுங்கள். போன் மட்டுமே வைத்திருப்பவர்களுக்கு 14416 என்ற டெலிமானஸ் மனநல உதவி எண் இருக்கிறது, போதை மீட்புக்கென்று 14446 இருக்கிறது. அங்கே எடுத்துப் பேசுகிறவர் கையிலும் இதே பதிவேடு இருந்தால், நடுராத்திரியில் கூப்பிடுகிறவருக்கு "பக்கத்து அரசு ஆஸ்பத்திரிக்குப் போங்க" என்பதோடு நிறுத்தாமல் எந்த ஆஸ்பத்திரி, எந்த வார்டு, படுக்கை இருக்கிறதா என்பதுவரை சொல்ல முடியும்.

இந்த மடலின் நகலை மக்கள் நல்வாழ்வுத் துறைச் செயலாளருக்கும் அனுப்பியிருக்கிறேன். பதிவேடு எப்போது வரும் என்று ஒரு தேதி சொல்லுங்கள்.

இப்படிக்கு,
கரூரிலிருந்து ஒரு குடிநோயாளியின் அக்கா