மாதேஷ்னா பெரிய தேசம் இல்லீங்க

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்,

போன வார இணைப்புல ஆம்பளப் பசங்களுக்கு வைக்கற பேருன்னு ஒரு பட்டியல் போட்டிருந்தீங்க, அதுல மாதேஷ்ங்கற பேருக்கு நேரா ‘பெரிய தேசம்’னு அர்த்தம் இருந்துச்சு. எங்க பென்னாகரம் டீக்கடையில ஒருத்தர் சத்தமா படிக்க எல்லாரும் சிரிச்சுட்டாங்க, ஏன்னா அங்க பெஞ்சுல உக்காந்திருந்ததுல பாதிப்பேரு மாது, மாதையன், மாதப்பன், மாதேஷ்தான்.

இது எல்லாமே ஒரே சாமி பேருங்க. காவிரிக்கு அந்தாண்ட, கர்நாடகாவுல சாம்ராஜ்நகர் மாவட்டத்துல இருக்கற மாதேஸ்வரன் மலை சாமி, புலி மேல உக்காந்திருப்பாரே, அவரு. மகாதேஸ்வரன் ஜனங்க வாயில மாதேஸ்வரன் ஆயி, கன்னடத்துல மாதப்பா, மாதய்யான்னு சுருங்கி, நம்ம பக்கம் மாதப்பன், மாதையன்னு ஆயிடுச்சு. பொண்ணு பொறந்தா மாதம்மா. சிவராத்திரிக்கும் தீபாவளிக்கும் இங்கிருந்து சனம் மூட்டை கட்டிட்டு கெளம்பிடும். 1956 வரைக்கும் அந்த மலை அப்போ இருந்த கொள்ளேகால் தாலுக்காவே கோயம்புத்தூர் ஜில்லாவுலதான் இருந்துச்சு, பார்டர் எல்லாம் அப்புறம் வந்தது.

இதுல பாவம் மாதுங்கதான். எங்கூர்ல அது மீசை வெச்ச ஆம்பளைங்க பேரு, ஆனா மெட்ராஸ் பக்கம் வேலைக்குப் போனா ‘மாதுன்னா பொம்பளதானே’ன்னு கேக்கறாங்க, போன்ல பேரை மட்டும் பாத்துட்டு மேடம்னே ஆரம்பிக்கறாங்க. அதுக்கு பயந்தே புள்ளைங்களுக்கு மாதேஷ்னு வைக்கறாங்க. ஸ்டைலுக்கு ‘ஷ்’ சேக்கறாங்கன்னு பெருசுங்க திட்டுவாங்க, எனக்கென்னமோ அந்த ஷ் இருக்கறதாலதான் தாத்தா பேரு பேரன் கிட்ட தங்கியிருக்குன்னு தோணுது, இல்லன்னா இந்நேரம் மாதையன் போன எடத்துல ஒரு தருணோ நிதினோ வந்திருப்பான். என்ன, இங்கிலீஷ்ல எழுதறப்ப ஆதார்ல ‘டி ஹெச்’, மார்க் ஷீட்ல வெறும் ‘டி’ன்னு ஆயிட்டா அதுக்கு ஒரு அலைச்சல் இருக்கு, அது தனிக் கதை.

அடுத்த இதழ்ல அந்த அர்த்தத்தை திருத்திடுங்க. அப்படியே எங்க ஜில்லாவுல பாதி வீட்டுல இருக்கற முனியப்பன், தீர்த்தகிரி எல்லாம் உங்க பட்டியல்லயே இல்ல, தீரன் சின்னமலைக்கே சொந்தப் பேரு தீர்த்தகிரிதாங்க, அதையும் சேருங்க. ஆனா போடறதுக்கு முன்னாடி அரூர்ல தீர்த்தமலைக்குப் போய்வந்த யாரையாவது ஒரு வார்த்தை கேட்டுக்கோங்க, ‘தண்ணி மலை’ன்னு போட்டுடாதீங்க.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
பென்னாகரம், தருமபுரி மாவட்டம்