நெல்லைக்கு வரும் உறுப்பினர்களின் கவனத்திற்கு: காரச் சாப்பாடும் நேரடி இசையும்

அன்புள்ள உறுப்பினர்களுக்கு வணக்கம். ஆடி மாதம் திருநெல்வேலிக்கு வருகிறவர்கள் இசை கேட்பதற்காக அரங்குகளைத் தேட வேண்டியதில்லை. சுடலைமாடனுக்கோ அம்மனுக்கோ கொடை என்னும் கோயில் விழா நடக்கும் ஊருக்குச் சென்றால், வில்லின் நாணில் வீசுகோல் விழ, குடமும் உடுக்கையும் சேர்ந்து முழங்க, நள்ளிரவைத் தாண்டியும் சாமி கதை நீளும் வில்லுப்பாட்டைக் கட்டணமின்றிக் கேட்கலாம். நையாண்டி மேளமும் அங்கேயே உண்டு. அது அவ்வூராரின் வழிபாடு என்பதால், அனுமதி கேட்டபின் படம் எடுங்கள். நெல்லையப்பர் கோயிலின் இசைத்தூண்களையும் அவசியம் பாருங்கள். தட்டிப் பார்க்க வேண்டாம்.

காரம் வேண்டுவோர் செங்கோட்டைக்கு அருகிலுள்ள பிரானூர் பார்டர் வரை சென்று, பரோட்டாவுடன் மிளகு தூக்கலான பிய்ச்சுப்போட்ட கோழியைச் சாப்பிடலாம். தென்காசி வழியாக ஒன்றரை மணி நேரத்திற்கு மேல் ஆகும் என்றாலும், சாரல் காலத்தில் அந்தப் பயணமே நிறைவானது. நெல்லையின் பெருமையான சொதி தேங்காய்ப்பாலில் செய்யும் மென்மையான குழம்பு. அதற்கு உறைப்பைத் தருவது உடன் வைக்கும் இஞ்சித் துவையல்தான், அதை மறக்காமல் கேட்டு வாங்குங்கள்.

வருகிற நாளை முன்கூட்டியே இங்கே பதிவிட்டால், அந்த வாரம் கொடை நடக்கும் ஊர்களை விசாரித்துச் சொல்கிறோம்.