பஃப்ஸ் எப்போது சுட்டது என்று கேட்டால் ஏன் முறைக்கிறார்கள்?

அன்புள்ள ஆசிரியருக்கு,

வணக்கம். சென்னையின் பழைய பேக்கரிகளைப் பற்றி உங்கள் இதழில் வந்த கட்டுரையை எங்கள் வீட்டில் கைமாற்றிக் கைமாற்றிப் படித்தோம். 1885-இல் தொடங்கிய ஸ்மித் ஃபீல்டு, 1903-இல் தொடங்கிய மெக்ரெனட், டிசம்பர் வந்தால் பிளம் கேக்குக்கு நிற்கும் கூட்டம், எல்லாம் சரி. ஆனால் இந்த ஊரில் பாதிப் பேர் வாரம் முழுக்க பிரெட்டும் பன்னும் வாங்குவது தெருமுனை பேக்கரியில்தான். அதைப் பற்றி ஒரு வரிகூட இல்லையே என்று தோன்றியது, அதனால்தான் இந்தக் கடிதம்.

நான் சொல்லப்போகும் கடை பெரம்பூரில் இருக்கிறது. பெயர் வேண்டாம், நாளைக்கும் அங்கேதான் பிரெட் வாங்கப் போக வேண்டும். முதலில் நல்லதைச் சொல்லிவிடுகிறேன். சாயங்காலம் வரும் பிரெட் அருமையாக இருக்கும், வெட்டாமல் முழுதாக வாங்கி வந்தால் வீடு வரை கையில் சூடு இருக்கும். தேங்காய் பன்னில் தேங்காயைக் கஞ்சத்தனம் இல்லாமல் வைப்பார்கள். சால்ட் பிஸ்கட் வாயில் போட்டால் கரையும். ஹனி கேக்கும் நன்றாகத்தான் இருக்கும், அதில் இருப்பது தேனா சர்க்கரைப் பாகா என்று இந்த ஊரில் யாரும் கேட்பதில்லை, நானும் கேட்கவில்லை.

அந்தக் கடையில் முன்பு ஒரு பெண் கவுன்ட்டரில் இருந்தாள். எக் பஃப்ஸ் கேட்டால், "இப்ப வேணாம்கா, அது காலையில போட்டது, நாலரைக்கு வாங்க, சூடா வரும்" என்பாள். முதலாளி கல்லாவில் உட்கார்ந்திருக்கும்போதே சொல்வாள், அவரும் ஒன்றும் சொல்ல மாட்டார். அந்த ஒரு வார்த்தைக்காகவே பக்கத்துத் தெருவில் இருக்கும் பெரிய கடையை விட்டுவிட்டு இங்கே வந்தவர்கள் எத்தனையோ பேர். வேண்டாம் என்று சொல்லத் தெரிந்தவள் வேண்டும் என்று சொன்னால் யோசிக்காமல் வாங்கலாம், இல்லையா?

இப்போது கடையைப் புதுப்பித்துவிட்டார்கள். ஏசி, கண்ணாடிக் கதவு, மஞ்சள் விளக்கு. அந்த மஞ்சள் விளக்குக்குக் கீழே வைத்தால் நேற்றைய பஃப்ஸ்கூட இப்போதுதான் அடுப்பிலிருந்து எடுத்தது மாதிரித் தெரிகிறது. அந்தப் பெண் வேலையை விட்டுப் போய்விட்டாள். புதிதாக வந்திருக்கும் பையன்களிடம் "எப்போப்பா போட்டது?" என்று கேட்டால் "ஃப்ரெஷ்தான் மேடம்" என்ற ஒரே பதில், காலை பத்து மணிக்கும் அதுதான், ராத்திரி ஒன்பது மணிக்கும் அதுதான். திருப்பிக் கேட்டால் முறைப்பு. போன வாரம் ஓர் எக் பஃப்ஸ் வாங்கினேன், "சூடு பண்ணித் தரவா" என்று கேட்டு மைக்ரோவேவில் வைத்துக் கொடுத்தான். மேலே கை வைத்தால் சுடுகிறது, பிய்த்தால் அடுக்கு அடுக்காக உதிர வேண்டிய மேல்தோல் ஈரத்துணி மாதிரி இழுபடுகிறது. உள்ளே அரை முட்டை, அதன் மஞ்சள்கரு ஓரத்தில் பச்சை பாய்ந்து வறண்டு கிடக்கிறது, வெங்காய மசாலாவில் லேசாகப் புளிப்பு. மைக்ரோவேவ் உள்ளே இருக்கிற ஈரத்தை ஆவியாக்கி அடுக்குக்குள் ஏற்றிவிடும், மொறுமொறுப்பு திரும்ப வர வேண்டுமென்றால் நிஜ ஓவனில் சில நிமிடம் வைக்க வேண்டும், இது பேக்கரி நடத்துகிறவருக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. அதுவும் நம் சென்னைக் காற்றில், காலையில் போட்ட பஃப்ஸ் மதியத்துக்குள் பதம் இறங்கிவிடும். அது யார் குற்றமும் இல்லை. பழசைப் புதுசு என்று சொல்வதுதான் குற்றம்.

பெட்டியில் அடைக்காமல் தட்டில் வைத்து விற்கும் இனிப்புகளுக்கும் எந்தத் தேதிக்குள் சாப்பிட வேண்டும் என்று எழுதி வைக்கச் சொல்லி 2020 அக்டோபர் 1 முதல் உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் விதி இருக்கிறது. ஸ்வீட் கடைகளில் சின்னச் சின்ன சீட்டு சொருகியிருப்பதை எல்லாரும் பார்த்திருப்பீர்கள். பஃப்ஸ் தட்டில் அப்படி ஒரு சீட்டை நான் எந்தக் கடையிலும் பார்த்ததில்லை. மைசூர்பாகுக்குத் தேதி, முட்டையும் மசாலாவும் வைத்த பஃப்ஸுக்கு ஒன்றுமில்லை என்பது என்ன நியாயம்? சட்டம் வரும் வரை காத்திருக்கவும் வேண்டாம். "காலை 7 மணி", "மாலை 4.30" என்று ஒரு அட்டையில் எழுதித் தட்டில் வைக்க எவ்வளவு செலவாகிவிடும்? காலையில் போட்டதை ராத்திரி பாதி விலைக்குக் கொடுங்கள், தெரிந்தே வாங்கிக்கொண்டு போக ஆள் இருக்கிறது. வேலை முடிந்து பசியோடு போகிறவர்களுக்கு அது உதவியாகவும் இருக்கும்.

அப்புறம் கேக். அரை கிலோ பிளாக் ஃபாரஸ்ட் வாங்கும்போது கவனித்தேன், கேக்கை அடியில் இருக்கும் தங்கக் கலர் அட்டையோடு, மூடிய பெட்டியோடு தராசில் வைக்கிறார்கள். அட்டை நல்ல கெட்டியான அட்டை. "பெட்டியை எடுத்துட்டுப் போடுங்க" என்றால், "எல்லாருக்கும் இப்படித்தான் மேடம்" என்கிறார்கள். எல்லாருக்கும் இப்படித்தான் என்றால் எல்லாரிடமும் அட்டையை கேக் விலைக்கு விற்கிறீர்கள் என்றுதானே பொருள்? பெட்டியின் எடையைச் சேர்க்கக் கூடாது. எடையளவு விஷயத்தைப் பார்ப்பது நம் மாநிலத்தில் தொழிலாளர் துறை, தீபாவளி சமயத்தில் ஸ்வீட் கடைகளில் சோதனை நடந்ததாகச் செய்தி வரும். பேக்கரிக்கும் ஒரு நடை வந்தால் நல்லது, குறிப்பாக கிறிஸ்துமஸுக்கும் புத்தாண்டுக்கும் நடுவில்.

பில் விஷயம்தான் எனக்கு உண்மையில் கோபம் வரவழைத்தது. கேக், பிஸ்கட் வகைகளுக்கு 18 சதவீதமாக இருந்த ஜிஎஸ்டி 2025 செப்டம்பர் 22 முதல் 5 சதவீதமாகக் குறைந்தது. அதற்கு முன்னால் வாங்கிய அரை கிலோ கேக்கின் பில் என் பர்ஸிலேயே கிடந்தது. கேக் 400, வரி 72, மொத்தம் 472. வரி குறைந்த பிறகு அதே கேக்கின் பில்: கேக் 449.52, வரி 22.48, மொத்தம் அதே 472. எவ்வளவு கச்சிதமாகக் கணக்குப் போட்டிருக்கிறார்கள் பாருங்கள், பைசா பிசகவில்லை! கேட்டதற்கு "வெண்ணெய் விலை ஏறிடுச்சும்மா" என்றார் முதலாளி. ஏறியிருக்கலாம். ஆனால் அந்த கேக்கின் மேலே இருந்தது வெண்ணெயும் இல்லை, பால் கிரீமும் இல்லை, கடைக்குப் பின்னால் அடுக்கியிருக்கும் டப்பாவில் வரும் தாவரக் கொழுப்பு விப் டாப்பிங். அதைப் போடுவது தப்பில்லை, போர்டில் "ஃப்ரெஷ் கிரீம் கேக்" என்று எழுதாமல் இருக்கலாம். விலையை ஏற்ற வேண்டுமென்றால் ஏற்றிவிட்டு, ஏற்றினோம் என்று சொல்லுங்கள், வாங்குகிறவர் வாங்குவார்.

முட்டை இல்லாத கேக் என்று சொல்லி அதற்குத் தனி விலை வாங்குகிறார்கள், வெட்டுவது மட்டும் அதே கத்தியால். என் மாமியார் முட்டை தொடாதவர். அவருக்கு வாங்கும்போதெல்லாம் "கத்தியைக் கழுவிட்டு வெட்டுப்பா" என்று நான்தான் சொல்ல வேண்டியிருக்கிறது. சொன்னால் செய்கிறார்கள், அதையும் சொல்லிவிட வேண்டும்.

இதையெல்லாம் அங்கே நிற்கும் பையன்கள் தலையில் கட்ட நான் தயாரில்லை. எங்கிருந்தோ வந்து, மொழி தெரியாமல், காலையிலிருந்து ராத்திரி வரை நின்றுகொண்டே இருக்கிறார்கள். கடை ஊழியர்கள் உட்கார இருக்கை தர வேண்டும் என்று 2021-இல் தமிழ்நாட்டில் சட்டத் திருத்தம் வந்தது. புதுப்பித்த கடையில் மஞ்சள் விளக்குக்கு இடம் இருக்கிறது, கவுன்ட்டருக்குப் பின்னால் ஒரு ஸ்டூலுக்கு இடம் இல்லை. "ஃப்ரெஷ்தான் மேடம்" என்பதும் அவர்களாகச் சொல்வது இல்லை, சொல்லச் சொன்னதைச் சொல்கிறார்கள். வாடிக்கையாளர்களிலும் ஒரு ரகம் இருக்கிறது. கடையில் வாயைத் திறக்க மாட்டார்கள், வீட்டுக்குப் போய் கூகுளில் ஒற்றை நட்சத்திரம் போட்டு, பரிமாறிய பையனின் பெயரையும் எழுதிவிடுவார்கள். அந்தப் பையனுக்குச் சம்பளத்தில் பிடித்தம் ஆகும், பஃப்ஸ் அப்படியேதான் இருக்கும். முதலாளியிடம் நேராகச் சொல்லுங்கள் என்பதுதான் நான் சக வாசகர்களைக் கேட்டுக்கொள்வது. அவர் காது கொடுக்கவில்லை என்றால் உணவுப் பாதுகாப்புத் துறைக்கு வாட்ஸ்அப்பில் புகார் அனுப்பலாம், பில்லில் இருக்கும் 14 இலக்க உரிம எண்ணையும் சேர்த்து. பில்லில் அந்த எண் இல்லை என்றால் அதுவே ஒரு புகார்தான்.

ஆசிரியருக்கு ஒரு வேண்டுகோள். அடுத்த முறை பேக்கரிகளைப் பற்றி எழுதும்போது உங்கள் நிருபரை ராத்திரி ஒன்பதரைக்கு, ஷட்டர் இறக்கும் நேரத்துக்கு அனுப்புங்கள். தட்டில் மீந்த பஃப்ஸ் எங்கே போகிறது என்று நாலு கடையில் கேட்டு எழுதட்டும். எங்கள் கடையில் நான் கேட்டுப் பார்த்துவிட்டேன், சிரித்தார்களே தவிர பதில் வரவில்லை.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
பெரம்பூர், சென்னை-11