செல்லோடு டைம்ஷீட்டையும் காப்பாற்றுங்கள்

ஜப்பான் கலாசார விவகார முகமையின் ஆணையர் அவர்களுக்கு,

வணக்கம். பழைய அனிமே (ஜப்பானிய அசைவோவியப் படம்) ஸ்டுடியோக்களின் செல்கள், அதாவது பாத்திரங்களை வரைந்து வண்ணம் தீட்டிய ஒளிபுகும் தாள்கள், அழிந்துகொண்டிருக்கின்றன. அவற்றைச் சேகரிப்பதோடு வேலை முடிந்துவிடாது என்பதால் இதை எழுதுகிறோம்.

மாங்கா ஓவியர் ஒசாமு தெசுகா 1961இல் தொடங்கிய முஷி புரொடக்சன் ஸ்டுடியோ, 1963 ஜனவரி 1 முதல் ‘ஆஸ்ட்ரோ பாய்’ தொடரை வாராவாரம் தந்தது. நொடிக்கு 24 பிரேம். ஒரே ஓவியத்தை மூன்று பிரேமுக்கு நிறுத்தி, 8 ஓவியத்தில் ஒரு நொடியை ஓட்டினார்கள். வரைந்த செல்லைத் தூக்கிப் போடாமல் அடுத்தடுத்த பாகங்களுக்கும் எடுத்தாண்டார்கள்; அந்தச் சேமிப்புக்கு ‘பேங்க்’ என்று பெயர். 1973இல் அந்த ஸ்டுடியோவே நொடித்துப்போனது. ஒரு நிறுவனம் மூடும்போது முதலில் சிதறுவது இப்படிப்பட்ட கையிருப்புதான்.

செல் என்பது செல்லுலோஸ் அசிடேட் தாள். முன்பக்கம் கோடு, பின்பக்கம் வண்ணம். தாள் சிதையும்போது அசிட்டிக் அமிலம் கசியும். பெட்டியைத் திறந்ததும் புளித்த காடி வாடை மூக்கில் ஏறும். அந்த அமிலமே சிதைவை இன்னும் விரைவாக்கும். ஆகவே காற்றுப்புகாத பிளாஸ்டிக் உறையில் மூடி வைப்பதுதான் பெரிய தவறு. அமிலம் காட்டும் நீலத் தாள்துண்டைப் பெட்டிக்குள் வையுங்கள். அது பச்சையாகி மஞ்சளை நோக்கிப் போனால், அந்தப் பெட்டியை உடனே மற்றவற்றிலிருந்து பிரித்துவிட வேண்டும். இடம் குளிர்ச்சியாக இருக்கட்டும். மழைக்கால ஈரம் உள்ளே வரக் கூடாது, வண்ணம் பிசுபிசுத்துவிடும். ஆனால் அதிகம் உலர்ந்தால் வண்ணம் செதிலாக உதிரும். பின்னால் வரைதாள் ஒட்டிக்கொண்டிருந்தால் இழுக்கவே இழுக்காதீர்கள். வண்ணம் அந்த வரைதாளோடு போய்விடும்.

இதைவிடக் கவலை தருவது டைம்ஷீட், அதாவது காட்சியைப் படமெடுப்பதற்கான குறிப்புத் தாள். ஒரு தாளில் 6 நொடி; பிரேமுக்கு ஒரு வரியாக 144 வரிகள். எந்தச் செல் எந்த அடுக்கில் எத்தனை பிரேம் நிற்க வேண்டும், கேமரா எங்கே நகர வேண்டும் என்பதெல்லாம் அதில்தான் இருக்கிறது. செல்லின் ஓரத்தில் ‘A-7’ (A அடுக்கின் 7ஆம் செல்) என்று எழுதியிருக்கும். டைம்ஷீட் இல்லாவிட்டால் அது வெறும் எழுத்து. அழகான செல்லை ஏலத்துக்கு எடுத்துக்கொண்டு இந்தக் காகிதத்தைக் குப்பையில் போடுவது மனதை வருத்துகிறது.

எனவே, மானியம் கொடுக்கும்போது ஒரு நிபந்தனை விதியுங்கள்: ஒரு காட்சியின் செல், பின்னணி ஓவியம், டைம்ஷீட் மூன்றும் ஒரே எண்ணில் பதிவாக வேண்டும். ‘சசாஎ-சான்’ என்ற தொலைக்காட்சி அனிமே தொடர் 2013 வரை செல்லில்தான் தயாரானது. அந்த வேலை தெரிந்தவர்களை இப்போதே அழைத்து உட்காரவைத்து, ஓரக் குறிப்புகளைப் படித்துச் சொல்லச் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
பழைய செல்களைப் பராமரிப்போர்